சான்றிதழ் இல்லாத அச்சுத்தாள்கள்

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கையெழுத்து அவ்வப்போது போட வேண்டி வரும். எங்கோ கோர்ட்டில் வழக்கு நடக்கும். இன்னாருடைய கணக்கு விவரத்தை கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடு என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, கூடவே சான்றிதழ் வேண்டும். 1891-ம் வருஷத்து 'பேங்கர்ஸ் புக்ஸ் எவிடென்ஸ் ஆக்ட்' என்ற சட்டத்தில், 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, 2ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 'இது இன்ன பதிவின் பிரிண்ட்தான்' என்று கிளை மேலாளரோ தலைமைக் கணக்கரோ எழுதித் தர வேண்டும். 'அந்த சிஸ்டம் ஒழுங்காகத்தான் ஓடியது, யாரும் உள்ளே கை வைக்கவில்லை' என்கிற ரீதியில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் இன்னொன்று தர வேண்டும். ஆக, ஒரு அச்சுத்தாள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆள் ஜவாப்தாரி.

சரி, அப்படிச் சான்றிதழ் எதுவும் இல்லாத அச்சுத்தாள்களை என்ன செய்வது? 1960களிலும் 70களிலும் கம்ப்யூட்டர்கள் துப்பிய காகிதங்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில், ஆபீஸ் ரெக்கார்டு ரூம்களில், பல்கலைக்கழகப் பெட்டிகளில் கிடக்கின்றன. போட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது தாள் மட்டும். அதை வைத்துக்கொண்டு எந்த இயந்திரம், எந்த வருஷம், யாருடைய வேலை என்று கண்டுபிடிக்க முடியுமா? பெருமளவு முடியும். பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வவுச்சரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற புத்திதான், வேறென்ன :-)

முதலில் கொஞ்சம் பின்னணி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குத் திரை கிடையாது. கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒன்றின் முன் உட்கார வேண்டும். நீங்கள் தட்டுவதும் காகிதத்தில் விழும், கம்ப்யூட்டர் சொல்லும் பதிலும் அதே காகிதத்தில் விழும். அதுதான் டெலிடைப். அமெரிக்காவில் டெலிடைப் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனியே இருந்தது. அவர்கள் 1963-ல் கொண்டுவந்த மாடல் 33 தான் இந்த வகையில் ஊரெல்லாம் பரவியது. செக்கண்டுக்குப் பத்து எழுத்து. பெரிய எழுத்து மட்டும், சின்ன எழுத்தே கிடையாது. வரிக்கு 72 எழுத்து. காகிதம் தனித்தனித் தாளாக இல்லாமல் எட்டரை அங்குல அகல உருளையாக வரும்.

இவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கையில் இருப்பது துளையில்லாத உருளைக் காகிதமா? எல்லாம் பெரிய எழுத்தா? நீளமான வரி எதுவும் 72-ஐத் தாண்டவில்லையா? அப்படியானால் மாடல் 33 ஆக இருக்க நல்ல வாய்ப்பு. இன்னொரு வேடிக்கையான அடையாளமும் உண்டு. வரி 72 எழுத்தைத் தாண்டிவிட்டால், பொதுவாக இந்த இயந்திரம் தானாக அடுத்த வரிக்குப் போகாது. கடைசி இடத்திலேயே நின்றுகொண்டு எழுத்தின் மேல் எழுத்தாக அடித்துக்கொண்டே இருக்கும். வலது ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழும். யாரோ மை சிந்திவிட்டார்கள் என்று நாம் நினைப்போம்.

அடுத்தது குறிகள். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான ஆஸ்கி என்ற அமெரிக்கத் தரம் முதலில் 1963-ல் வந்தது. அதில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் இடப்பக்க அம்புக்குறி ஒன்றும் இருந்தன. 1967-ல் திருத்தியபோது அவற்றைத் தூக்கிவிட்டு, அதே இடங்களில் கூரை மாதிரிக் குறியையும் அடிக்கோட்டையும் வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே செய்யப்பட்ட அச்சு உருளைகள் பல வருஷம் உழைத்தன. ஆகவே தாளில் அம்புக்குறி இருந்தால் 1967-க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது, 1963 வழி வந்த இயந்திரம் என்று மட்டும் சொல்லலாம். இந்த வித்தியாசம் முக்கியம். இயந்திரத்தின் வயது வேறு, அன்றைய வேலையின் வயது வேறு.

தப்பாகத் தட்டியதை எப்படித் திருத்தினார்கள் என்பதும் ஒரு துப்பு. காகிதத்தில் விழுந்த எழுத்தை அழிக்க முடியாதே. மல்டிக்ஸிலும் அதற்குப் பின் வந்த யூனிக்ஸிலும் தவறான எழுத்துக்குப் பின்னால் # அடித்தால் அந்த எழுத்து ரத்து. @ அடித்தால் முழு வரியும் ரத்து. டெக் கம்பெனியின் பெரிய இயந்திரங்களில் வேறு பழக்கம், ரத்தான எழுத்துகளை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் திரும்ப அடித்துக் காட்டும். நம் லெட்ஜரில் தப்பான தொகையை அடித்துவிட்டுப் பக்கத்தில் இனிஷியல் போடுவதில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வழக்கம் இருந்தது இல்லையா, அதே கதைதான். திருத்தத்தைப் பார்த்தால் வீடு தெரியும்.

பெரிய நிறுவனங்களில் டெலிடைப் போதாது. ஆயிரக்கணக்கில் சம்பளப் பட்டியலும் பில்லும் போட வேண்டும். அதற்கு லைன் பிரிண்டர், ஒரு வரியை ஒரே மூச்சில் அடித்துத் தள்ளுவது. ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டருடன் 1959-ல் வந்த 1403 பிரிண்டர் இதில் புகழ்பெற்றது. வரிக்கு 132 எழுத்து, நிமிஷத்துக்கு 600 வரி. இரண்டு ஓரமும் துளை போட்ட, மடித்து மடித்து வரும் அகலத் தாள்.

லைன் பிரிண்டரில் பிரதானமாக இரண்டு ஜாதி. ஒன்றில் எழுத்துகள் உருளையின் மேல் இருக்கும், உருளை மேலிருந்து கீழாகச் சுற்றும். சுத்தியல் ஒரு நொடித் துணுக்கு தாமதித்தால் எழுத்து மேலேயோ கீழேயோ விழும். வரி முழுக்கப் பார்த்தால் அலை மாதிரி ஏறி இறங்கும். மற்றொன்றில் எழுத்துகள் ஒரு சங்கிலியில் கோக்கப்பட்டு இடவலமாக ஓடும். அங்கே சுத்தியல் தாமதித்தால் எழுத்து பக்கவாட்டில் நகரும். வரி நேராக இருக்கும், எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளிதான் ஒழுங்காக இராது. ஒரு ஸ்கேலை வரியின் அடியில் வைத்துப் பார்த்தால் போதும், உருளையா சங்கிலியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பூதக்கண்ணாடியில் எழுத்துகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது டாட் மேட்ரிக்ஸ், பெரும்பாலும் 1970-க்குப் பிந்தையது.

ஐ.பி.எம். சங்கிலியில் இன்னொரு சங்கதி. வியாபாரக் கணக்குக்கு ஒரு சங்கிலி, விஞ்ஞானக் கணக்குக்கு ஒரு சங்கிலி என்று தனித்தனியாக உண்டு. துளை அட்டையில் ஒரே துளைதான். ஆனால் விஞ்ஞானச் சங்கிலி இடது அடைப்புக்குறி அடிக்கும் இடத்தில் வியாபாரச் சங்கிலி % அடிக்கும். வலது அடைப்புக்குறிக்குப் பதில் சதுரம் மாதிரி ஒரு குறி. சமக்குறிக்குப் பதில் #, கூட்டல் குறிக்குப் பதில் &. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதின கணக்கை வியாபார பிரிண்டரில் போட்டால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கொல்கத்தாவில் கிடைத்தது. நான் அங்கே மாற்றலில் போயிருந்தபோது லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்களோடு நல்ல பழக்கம். அதில் ஒரு மாமி, வீட்டைக் காலி செய்துகொண்டு பெண்ணோடு பெங்களூர் போகப் போகிறார். மாமா காலமாகி இரண்டு வருஷம். ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவர். "நீதான் பேங்குல கம்ப்யூட்டரோட மாரடிக்கறயே, இதெல்லாம் என்னன்னு பாரு. ஒண்ணும் இல்லேன்னா பேப்பர்காரன்கிட்ட போட்டுடறேன்" என்று ஒரு கட்டைக் கொடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் பேரன் போட்டோவைப் பார்த்துவிட்டு, தாத்தா ஏதோ ராக்கெட் சமாசாரம் செய்திருக்கிறார் என்று சொல்லியிருந்தானாம். பெண்ணோ, பிரிண்டர் கெட்டுப்போய் அடித்த குப்பை என்றார்.

கட்டில் பெரும்பகுதி முகவரிப் பட்டியல்கள், சரக்கு இருப்புப் பட்டியல்கள். நடுவில் நாலு தாள் மட்டும் வேறு மாதிரி. % குறியும் & குறியும் சதுரமும் இறைந்து கிடந்தன. ஒரு வரி என் கண்ணைப் பிடித்தது. நம் லிபியில் எழுதினால் இப்படி: ஏ # பி * % 1.0 & ஆர் / 100.0 □ **  என். சங்கிலி விஷயம் தெரிந்திருந்ததால் குறிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஏ சமம் பி பெருக்கல், அடைப்புக்குறிக்குள் ஒன்று கூட்டல் ஆர் வகுத்தல் நூறு, அதற்கு என் அடுக்கு. அட, கூட்டு வட்டி சூத்திரம்! பி.காம். முதல் வருஷத்திலிருந்து நான் சோறு தின்கிற சூத்திரம்.

ராக்கெட்டும் இல்லை, குப்பையும் இல்லை. வியாபாரச் சங்கிலி மாட்டிய ஆபீஸ் இயந்திரத்தில் யாரோ ஃபோர்ட்ரான் பழகியிருக்கிறார்கள். ஃபோர்ட்ரானில் சி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் வரி மனுஷர்கள் படிப்பதற்கான குறிப்பு, கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. மேலே அப்படி ஒரு வரியில் மாமாவின் இனிஷியல் இருந்தது. மாமிக்கு அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சும் வரமாட்டார். அங்க என்னதான் பண்றேள்னு கேட்டா, கணக்குப் படிக்கறேம்பார். நான் நம்பினதே இல்ல" என்றார். அந்த நாலு தாளும் பேப்பர்காரனிடம் போகவில்லை.

காலத்தை எப்படிக் கணித்தோம்? அதற்கு கம்ப்யூட்டர் அறிவே தேவையில்லை, ஊர் அறிவு போதும். அதே கட்டிலிருந்த முகவரிகளில் ஆறு இலக்க பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தது. தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். தொகைகளில் 'நயா பைசா' இல்லை, வெறும் பைசாதான். 1957 ஏப்ரலில் வந்த நயா பைசாவிலிருந்து 'நயா'வை 1964 ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஆக 1964-க்கும் 1972-க்கும் நடுவில், அநேகமாக அறுபதுகளின் பின்பாதி. இங்கே ஒரு விதி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் தாமதமாகப் போகும், ஆனால் புதுப் பெயர் முன்கூட்டி வராது. பின்கோடு இருந்தால் 1972-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. இல்லாவிட்டால் உறுதி கிடையாது, ஊகம்தான்.

நம் ஊர்க் கட்டுகளில் கம்ப்யூட்டர் தாளைவிட அதிகமாக அகப்படுவது டெலக்ஸ். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரிக்கும் வழி சுலபம். டெலக்ஸ் ஐந்து துளைக் குறியீட்டில் ஓடும், மாடல் 33 எட்டுத் துளை. காகிதத்தோடு துளை நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணிப் பாருங்கள். நாடா இல்லையா, பிழைகளைப் பாருங்கள். ஐந்து துளையில் 32 விதம்தான் வரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் சேர்த்து அது போதாது. அதனால் 'இனிமேல் எண்' என்று ஒரு சமிக்ஞை, 'இனிமேல் எழுத்து' என்று ஒரு சமிக்ஞை. வழியில் அந்தச் சமிக்ஞை தொலைந்தால், 1 என்பது க்யூ ஆகும், 2 டபிள்யூ ஆகும், 0 பி ஆகும். விசைப்பலகையின் மேல் வரிசை அப்படியே இறங்கி வரும். ஆயிரம் ரூபாய் 'க்யூபிபிபி' என்று போய்ச் சேரும்! தந்தி வழியே பணம் அனுப்பியபோது தொகையை எழுத்தாலும் எழுதி, ரகசியச் சோதனை எண்ணும் சேர்த்ததன் அருமை இப்போது புரிகிறதா? இப்படிப்பட்ட பிழை தாளில் இருந்தால் அது ஐந்து துளை இயந்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

டெலக்ஸில் இன்னொரு வசதி, அதற்குச் சான்றிதழ் உள்ளேயே உண்டு. 'நீ யார்' என்று கேட்டால் மறுமுனை இயந்திரம் தன் எண்ணையும் சுருக்கப் பெயரையும் தானே அடிக்கும். அதற்கு ஆன்சர்பேக் என்று பெயர். இந்திய எண்களின் கடைசியில் ஐ, என் என்ற இரண்டெழுத்து நாட்டுக்குறி வரும். அந்த ஒரு வரியை வைத்தே யார் யாருக்கு அனுப்பியது என்று பிடித்துவிடலாம். இந்த டெலிபிரிண்டர்களை இந்தியாவில் செய்தது நம் கிண்டியில்தான். 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு நடந்தது. தந்தியே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. காகிதம் மட்டும் அங்கங்கே இருக்கிறது.

'பழைய காகிதத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று கேட்பவர்களுக்கு எலைஸா கதையைச் சொல்வேன். இன்று ஆளாளுக்கு கம்ப்யூட்டரோடு அரட்டை அடிக்கிறோமே, அதற்கெல்லாம் பாட்டி எலைஸா. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எழுதியது. 1966 ஜனவரியில் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். எப்படி இயங்குகிறது என்று விளக்கினார், ஆனால் நிரலை அச்சிடவில்லை. வேறொருவர் லிஸ்ப் மொழியில் அதைப் பார்த்து எழுதியது பரவிவிட்டது. பிறகு பேசிக் மொழியில் ஒன்று பரவியது. காலப்போக்கில் எலைஸாவே லிஸ்பில்தான் பிறந்தது என்று பலரும் நம்பினார்கள். வைசன்பாம் 2008-ல் காலமானார். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

2021-ல் ஜெஃப் ஷ்ரேகர் என்ற ஆய்வாளரும் எம்.ஐ.டி. ஆவணக் காப்பாளரும் சேர்ந்து வைசன்பாமின் பெட்டிகளைத் தேடினார்கள். ஒரு கோப்பில் அச்சுத்தாளாக மூல நிரல் இருந்தது. லிஸ்ப் இல்லை, மேட்-ஸ்லிப் என்ற, இன்று யாரும் தொடாத மொழி. அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஒரு குழு உழைத்தது. எலைஸா பிறந்த ஐ.பி.எம். 7094 இயந்திரத்தை இன்றைய கம்ப்யூட்டருக்குள் பாவனையாக உருவாக்கி, 2024 டிசம்பரில் அதை மறுபடி பேச வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக எல்லோரும் நம்பிய பூர்வீகத்தைத் திருத்தியது ஒரு காகிதக் கட்டு.

யூனிக்ஸுக்கும் அப்படித்தான். அதன் முதல் பதிப்புகளில் ஒன்றின் மையப் பகுதி 1972-ம் வருஷத்து அச்சுப் பிரதியாகத்தான் மிஞ்சியிருந்தது. அதை ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, 2008-ல் மறுபடி ஓட வைத்தார்கள். அப்படிச் சரிபார்க்கிறவருக்கு, மங்கலாக இருப்பது ஓ-வா பூஜ்யமா என்பது வாழ்வா சாவா பிரச்சினை. இதிலும் ஒரு கண்ணி உண்டு. இன்று நாம் பூஜ்யத்தின் குறுக்கே கோடு போடுகிறோம். அந்தக் காலத்து ஐ.பி.எம். வட்டாரத்தில் ஓ எழுத்தின் குறுக்கே கோடு போட்டார்கள்! எந்த வீட்டுத் தாள் என்று தெரியாமல் படித்தால் கணக்கே தலைகீழ்.

இயந்திரத்தின் வழக்கம் தெரியாமல் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 1977 ஆகஸ்ட் 15-ல் ஓஹையோவின் பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சமிக்ஞை. தாளில் '6, ஈ, க்யூ, யூ, ஜே, 5' என்று விழுந்திருந்ததை ஜெர்ரி எமன் என்பவர் சிவப்பு மையில் வட்டமிட்டு 'வாவ்' என்று எழுதினார். வேற்றுக்கிரகத்தார் அனுப்பிய சங்கேதச் சொல் என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எண்கள். ஒரு அளவுக்கு ஒரே எழுத்து இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் ஒன்பதுக்கு மேல் போனால் ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று கணக்கு. 6, 14, 26, 30, 19, 5. ஏறி இறங்கும் மேடு, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்ற புதிர் அப்படியே நிற்கிறது. ஆனால் அது சொல் அல்ல என்பது தாளைப் போட்ட முறை தெரிந்தவருக்கு உடனே புரியும்.

இதைப் படிக்கும் நம்மில் பலர் பிழைப்புக்காக ஊர் ஊராக மாறினவர்கள். ஒவ்வொரு மாற்றலிலும் முதலில் எடை குறைவது காகிதம்தான். டெல்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ நாற்பது வருஷம் உழைத்த அப்பாவின், மாமாவின் கட்டுகளை எடைக்குப் போடும் முன் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். ரப்பர் பேண்டையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள், துரு தின்றுவிடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஓரத்தைக் கிழித்து அழகுபடுத்தாதீர்கள். துளை ஓரத்தில் பொடி எழுத்தில் தாளை அச்சிட்டவர் பெயரோ படிவ எண்ணோ இருக்கலாம். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் இருந்தது என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். தனித்தாள் ஊமை, கட்டு பேசும். போட்டோ எடுத்தால் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார், எந்த ஊர், எந்த ஆபீஸ், ஏறத்தாழ எந்த வருஷம் என்று ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கட்டோடு வைத்துவிடுங்கள். சட்டப்பிரிவு எதுவும் வேண்டாம், முத்திரை வேண்டாம். கோர்ட்டு கேட்கும் அதே கேள்விக்கான பதில்தான் அது, எழுதித் தர வேண்டிய பொறுப்பான அதிகாரி நீங்கள்தான்.